வாரச் சந்தாவுக்கு இன்வாய்ஸ் தானாகப் போகும்படி அமைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் சமையல்கூடம் வைத்திருக்கிறீர்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்யும் சுமார் 150 பேருக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை மதியச் சாப்பாடு அனுப்புகிறீர்கள். ஒரு சாப்பாடு 120 ரூபாய், வரி தனி. இதுவரை மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்து 2,400 ரூபாய்க்கு மாத இன்வாய்ஸ் போட்டுவந்தீர்கள். இனி வாரம்தோறும் தானாக இன்வாய்ஸ் போக வேண்டும், அதை மென்பொருளில் எங்கே, எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: லீவு போட்டவர்களுக்குக் கழித்துக் கொடுப்பதில் மாதாமாதம் தகராறு வருகிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கே அமைப்பது என்பது பத்து நிமிட வேலை. ஒரு வார இன்வாய்ஸில் எந்தெந்தச் சாப்பாடு அடங்கும், அதை எந்த நேரத்துக்குள் முடிவு செய்வது என்பதைத் தீர்க்காமல் அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்தால், மாதம் ஒரு முறை வந்த தகராறு வாரம் ஒரு முறை வரும்.

சென்னையில் சிறு தொழில்களுக்குக் கணக்கும் பில்லிங் மென்பொருளும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தண்ணீர் கேன், இட்லி மாவு, பூ, இசை வகுப்பு என்று வாரக் கணக்கில் ஓடும் பல தொழில்களுக்குச் செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். சட்டத்தில் உள்ளது எது, என் அபிப்பிராயம் எது என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

முதலில் நான்கு வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் பணம் அங்கே கரைகிறது. வாரத்துக்கு ஐந்து சாப்பாடு, 600 ரூபாய். வருடத்துக்கு 52 வாரம், 31,200 ரூபாய். நீங்கள் வாங்குவது 2,400 பெருக்கல் 12, அதாவது 28,800. ஓர் ஆளுக்கு வருடத்தில் 2,400 ரூபாய் குறைகிறது. முழுதாக நான்கு வாரச் சாப்பாடு கணக்கில் வராமலே போயிருக்கிறது. நீங்கள் லீவு நாட்களைத் தாராளமாகக் கழித்ததில் கொஞ்சம் ஈடாகியிருக்கலாம், ஆனால் யாருக்கு எவ்வளவு ஈடானது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மாதத்துக்கு வாரம் சராசரியாக நாலேகாலுக்குச் சற்று மேல் வரும். எனவே மாதத் தொகையை நான்கால் வகுத்து வாரத் தொகை ஆக்குவதும், வாரத் தொகையை நான்கால் பெருக்கி மாதத் தொகை ஆக்குவதும் இரண்டுமே தப்பு. சாப்பாட்டு விலையிலிருந்து மட்டும் தொடங்குங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். 2026-27 நிதியாண்டு புதன்கிழமையில் தொடங்கிப் புதன்கிழமையில் முடிகிறது. புதன்தோறும் இன்வாய்ஸ் போடுகிறவருக்கு அந்த ஆண்டில் 53 இன்வாய்ஸ் வரும். வருடச் சந்தாவாக மொத்தத் தொகை பேசியிருக்கும் வாடிக்கையாளர் யாராவது இருந்தால், அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, உங்கள் வாரம் எது என்பது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளச் சொல்வேன்: வாரம் எந்தக் கிழமை தொடங்குகிறது, இன்வாய்ஸ் எந்தக் கிழமை போகிறது, லீவு சொல்லக் கடைசி நேரம் எது. உங்களுக்கு வாரம் திங்கள் தொடங்குகிறது, அதில் சந்தேகமில்லை. இன்வாய்ஸ் வாரம் முடிந்த பிறகா, தொடங்கும் முன்பா என்பதில்தான் யோசிக்க வேண்டும். முடிந்த பிறகு போட்டால் உண்மையில் போன சாப்பாடு எத்தனை என்பது தெரிந்திருக்கும், கழிப்பது கூட்டுவது எதுவும் இருக்காது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அரிசியும் காய்கறியும் நீங்கள் முன்பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். 150 பேர் ஒரு வாரம் கடனில் சாப்பிட்டால் 90,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும், வேலை மாறிப் போகிறவர்களின் கடைசி வாரப் பாக்கி பெரும்பாலும் வராது. அதனால் உங்களைப் போன்ற தொழிலுக்கு நான் முன்கூட்டியே போடும் இன்வாய்ஸைத்தான் பரிந்துரைப்பேன். இது என் அபிப்பிராயம், சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது.

நடைமுறை இப்படி இருக்கட்டும். சனிக்கிழமை மதியம் 12 மணிக்குள் அடுத்த வாரத்துக்கு எந்தெந்த நாள் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். சனி காலையிலேயே மென்பொருள் 150 இன்வாய்ஸையும் டிராஃப்டாக, அதாவது இன்னும் அனுப்பாத வரைவாக, உருவாக்கி வைத்திருக்கும். மதியத்துக்கு மேல் உங்கள் ஆள் உட்கார்ந்து, லீவு சொன்னவர்களின் இன்வாய்ஸில் மட்டும் ஐந்தை நான்காகவோ மூன்றாகவோ மாற்றுவார். மாலை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிடலாம். ஞாயிறு இரவுக்குள் பணம், திங்கள் முதல் சாப்பாடு. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை ஐந்து நாள் திட்டத்தில் வைத்துவிட்டு வாராவாரம் இரண்டு நாளைக் கழித்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்று நாள் திட்டம் என்றே தனியாக வைத்துவிட்டால் சனிக்கிழமை வேலையில் பாதி குறையும்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, அதனால் இரண்டு வகையையும் சொல்கிறேன். ஜோஹோ புக்ஸ் மாதிரியான கணக்கு மென்பொருளில் இதற்கு ரெக்கரிங் இன்வாய்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. வாடிக்கையாளர், பொருள், அளவு, விலை கொடுத்து, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, எந்தத் தேதியிலிருந்து என்று சொன்னால் அது அதே இன்வாய்ஸைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். ஜோஹோ பில்லிங், சார்ஜ்பீ போன்றவை சந்தாவுக்கென்றே உருவானவை (இரண்டுமே சென்னையில் வேர்விட்ட நிறுவனங்களுடையவை). அங்கே முதலில் பிளான் ஒன்றை உருவாக்கி, அதன் பில்லிங் காலத்தை ஒரு வாரம் என்று வைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அந்தப் பிளானில் சேர்க்க வேண்டும். உங்கள் அளவுக்கு முதல் வகையே போதும் என்பது என் எண்ணம். தினமும் ஆட்கள் சேர்வதும் விலகுவதுமாக இருந்து, வாடிக்கையாளரே இணையத்தில் பிளானை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் இரண்டாவது வகைக்குப் போகலாம்.

எந்த வகையாக இருந்தாலும் சில இடங்களில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, பொருளை "வாரச் சந்தா 600 ரூபாய்" என்று ஒரே வரியாக வைக்காதீர்கள். "மதியச் சாப்பாடு, விலை 120, அளவு 5" என்று வையுங்கள். அளவை மாற்றினால் தொகையும் வரியும் தானாக மாறும். 600 என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் கையால் கணக்குப் போட்டு விலையைத் திருத்த வேண்டியிருக்கும், வருடக் கடைசியில் எத்தனை சாப்பாடு விற்றீர்கள் என்ற கணக்கும் கிடைக்காது. அப்புறம், இன்வாய்ஸின் விளக்க வரியில் எந்தத் திங்கள் முதல் எந்த வெள்ளி வரை என்பது தேதியுடன் இருக்க வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து இன்வாய்ஸ் ஒரே தொகையில் வந்தால், எதற்குப் பணம் கட்டினோம் என்று வாடிக்கையாளருக்குக் குழப்பம் வரும். இந்தத் தேதியைத் தானாகப் போடும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிராஃப்டைத் திருத்தும்போது கையால் போடுங்கள்.

இரண்டாவது, கிழமை. சந்தா மென்பொருள்களில் வழக்கமாக வாடிக்கையாளர் சேர்ந்த நாளே அவருடைய பில்லிங் நாளாகிவிடும். புதன்கிழமை சேர்ந்தவருக்குப் புதன்தோறும், வியாழன் சேர்ந்தவருக்கு வியாழன்தோறும் இன்வாய்ஸ் போகும். இணையத்தில் பாட்டு கேட்கும் சந்தாவுக்கு இது சரி. சமையல்கூடத்துக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் திங்களுக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பது ஒரே நேரத்தில் தெரிந்தாக வேண்டும். ஆகவே எல்லோருக்கும் சனிக்கிழமை என்று கட்டாயமாக வையுங்கள். நடுவாரத்தில் சேர்கிறவருக்கு அந்த வாரம் மீதியுள்ள நாட்களுக்கு மட்டும் தனி இன்வாய்ஸ் ஒன்று போட்டுவிட்டு, வரும் சனியிலிருந்து வழக்கமான சுற்றில் சேர்த்துவிடுங்கள். நாள் விகிதத்தில் மென்பொருளே பிரித்துக் கணக்கிடும் வசதி இருந்தால் அதை அணைத்து வையுங்கள். அது வாரத்தை ஏழு நாளாகப் பிரிக்கும், உங்கள் வாரம் ஐந்து நாள்.

மூன்றாவது, நேர மண்டலம். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நிறுவன விவரப் பக்கத்தில் இந்திய நேரம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 2026 ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. அன்று அதிகாலை 4 மணிக்கு நம் ஊரில் உருவாகும் இன்வாய்ஸ், உலகப் பொது நேரத்தில் ஓடும் மென்பொருளில் ஜூலை 31 தேதியிட்டு நிற்கும். தேதி ஒரு நாள் முந்திப் போனதால் வரி ஒரு மாதம் முன்னால் வந்துவிடும்.

நான்காவது, தானாக அனுப்புவதா, டிராஃப்டாக நிறுத்துவதா என்ற தேர்வு. டிராஃப்ட் என்று வையுங்கள். நீங்கள் "தானாக" என்று கேட்டிருப்பதால் இது பின்னோக்கிப் போவதாகத் தோன்றலாம், ஆனால் நம் ஊர் நிலவரத்தை யோசித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் தண்ணீர், மின்சாரம் இல்லை, அந்த நேரத்தில் போகாத சாப்பாட்டுக்கு இன்வாய்ஸும் பணம் கேட்டு நினைவூட்டலும் போனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கலெக்டர் விடுமுறை அறிவிப்பு சில சமயம் அன்று காலையில்தான் வருகிறது. பொங்கல் வாரத்திலோ இரண்டு மூன்று நாள் தானாகப் போய்விடும். பண்டிகை முன்பே தெரிந்தது, அந்த வாரத்து அளவை முன்கூட்டியே குறைத்துவிடலாம். மழை அப்படியில்லை. ஒரு மனிதக் கண் பட்ட பிறகு இன்வாய்ஸ் வெளியே போகட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்குச் செலவிடுவது எனக்கு வீணாகத் தெரியவில்லை.

சரி, அனுப்பிய பிறகு லீவு சொன்னால் என்ன செய்வது? செவ்வாய் இரவு ஒருவர் புதன் வேண்டாம் என்கிறார், அவருக்கு ஐந்து சாப்பாட்டுக்கு இன்வாய்ஸ் போய்ப் பணமும் வந்துவிட்டது. இங்கேதான் பலர் அடுத்த வார இன்வாய்ஸில் "போன வாரக் கழிவு" என்று மைனஸில் ஒரு வரி போடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. கொடுத்த இன்வாய்ஸின் மதிப்பைக் குறைக்க வேண்டுமானால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்லும் ஆவணம் கிரெடிட் நோட். இது உறுதியான விஷயம். ஆனால் வாரத்துக்கு முப்பது கிரெடிட் நோட் போடுவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நான் சொல்லும் வழி, பணத்தைக் கழிக்காமல் சாப்பாட்டைத் தள்ளி வைப்பது. புதன் சாப்பாடு ஒன்று அவருக்குப் பாக்கி என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஐந்து நாளும் சாப்பாடு போகும், இன்வாய்ஸ் நான்குக்கு மட்டும் இருக்கும், ஐந்தாவது ஏற்கனவே விலையும் வரியும் கட்டி முடிந்தது. அவர் சந்தாவை விட்டே போகும்போது பாக்கி இருந்தால் அப்போது கிரெடிட் நோட் போட்டுப் பணத்தைத் திருப்புங்கள். இப்படித் தள்ளி வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் இது என் வாசிப்பு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உங்கள் சந்தா நிபந்தனையிலும் "முந்தைய நாள் இரவு 9 மணிக்குள் சொன்னால் சாப்பாடு அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரப்படும்" என்று எழுத்தில் வைத்துவிடுங்கள். எழுத்தில் இருந்தாலே உங்கள் மாதாந்தரத் தகராறில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

வரி விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. வாரத்துக்கு 600 வீதம் 150 பேர், 52 வாரம் என்றால் 46,80,000 ரூபாய் வருகிறது. சாப்பாடு சமைத்துக் கொடுப்பது ஜி.எஸ்.டி.யில் சேவையாகவே கருதப்படுகிறது, சேவைக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். ஆகவே பதிவு கட்டாயம். கடை இல்லாமல் சமையல்கூடத்திலிருந்து அனுப்புவதும் உணவகச் சேவைதான் என்று 2021 அக்டோபரில் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். விகிதம் 5 சதவீதம், மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. உள்ளீட்டு வரியை, அதாவது நீங்கள் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியை, இதில் கழித்துக்கொள்ள முடியாது. அப்படியானால் உங்கள் வார இன்வாய்ஸ் 630 ரூபாய், நான்கு நாளுக்கு 504. காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சதவீதத்தைத் தன் கையிலிருந்து வரியாகக் கட்டும் சிறு தொழில் திட்டம்) இருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, கொடுக்க வேண்டியதும் வரி இன்வாய்ஸ் இல்லை, வரியைத் தனியாகக் காட்டாத பில் ஆஃப் சப்ளை. மென்பொருளில் அதற்கான டெம்ப்ளேட் தனியாக இருக்கும். "வரி தனி" என்று நீங்கள் எழுதியிருப்பதால் வழக்கமான திட்டத்தில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விலை வரியுடன் சேர்த்து 120 என்று மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 120இல் வரியை நீக்கினால் ஒரு சாப்பாடு 114 ரூபாய் 29 காசு. அதை ஐந்தால் பெருக்கி, மத்திய வரியையும் மாநில வரியையும் தனித்தனியாகக் காசுக்கு முழுமையாக்கிச் சேர்த்தால் 600 ரூபாய் 3 காசு வரும். இன்வாய்ஸ் ஒரு தொகை, வந்த பணம் ஒரு தொகை என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் மூன்று காசு தொங்கிக்கொண்டிருக்கும். விலையை வரி உட்பட என்று குறிக்கும் வசதியைப் பயன்படுத்தி 120 என்றே உள்ளிடுங்கள், பிரிக்கும் வேலையை மென்பொருள் செய்யட்டும்.

முன்கூட்டியே இன்வாய்ஸ் போடுவதால் வரி எப்போது வரும்? சேவைக்கு இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் முந்தியது எதுவோ அது. சனிக்கிழமை இன்வாய்ஸ், ஞாயிறு பணம் என்றால் சனிக்கிழமைத் தேதி. இன்வாய்ஸுக்கு முன்னாலேயே யாராவது பணம் அனுப்பிவிட்டால் அது அட்வான்ஸ், அதற்கு ரசீது வவுச்சர், அதாவது முன்பணம் பெற்றதற்கான ஆவணம், கொடுக்க வேண்டும். ஆகவே இன்வாய்ஸ் போகும் முன் பணம் அனுப்ப வேண்டாம் என்று வாடிக்கையாளரைப் பழக்குவது உங்களுக்கு வேலை மிச்சம். வாரம் இரண்டு மாதத்தில் விழுந்தாலும் இன்வாய்ஸை உடைக்க வேண்டியதில்லை, தேதி எந்த மாதமோ அந்த மாதக் கணக்கு. உங்கள் ஏற்பாடு சட்டம் சொல்லும் "தொடர் சேவை" என்ற வகையில் வருமா என்பது விவாதத்துக்கு உரியது. அதற்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும், உங்கள் சந்தாவோ எந்த வாரமும் நிறுத்தக்கூடியது. ஆனால் நடைமுறையில் இதனால் உங்களுக்கு வேறுபாடு வராது. தொடர் சேவையில் பணம் கட்ட வேண்டிய தேதிக்குள் இன்வாய்ஸ் வேண்டும், சாதாரணச் சேவையில் சேவை கொடுத்த 30 நாளுக்குள் வேண்டும், சனிக்கிழமை இன்வாய்ஸ் இரண்டிலும் அடங்கிவிடுகிறது.

இன்வாய்ஸ் எண்ணைப் பற்றி ஒன்று. மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்தில் 1,800 இன்வாய்ஸ், வாரத்துக்கு ஒன்று என்றால் 7,800. ஐந்து இலக்கம் ஒதுக்குங்கள். சட்டப்படி எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. 26-27/00001 என்பது போல இருந்தால் போதும். வாடிக்கையாளர் பெயர், வாரம், ஏரியா எல்லாவற்றையும் எண்ணுக்குள் நுழைக்க முயலாதீர்கள். அனுப்பிய இன்வாய்ஸை அழிக்காதீர்கள், ரத்து என்று மாற்றுங்கள். விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் எந்த எண் முதல் எந்த எண் வரை, ரத்தானது எத்தனை என்று கேட்பார்கள், நடுவில் எண் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்வாய்ஸ் எண்ணிக்கை கூடுவதால் தாக்கல் வேலை கூடுமோ என்று பயப்பட வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் இல்லாத தனிநபர்களுக்கான விற்பனை மொத்தமாகத்தான் போகிறது. இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறையும் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான்.

பணம் வசூலில் யு.பி.ஐ. ஆட்டோபே (வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் தானாக எடுக்கும் வசதி) வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். வாரம் ஒரு முறை என்ற கால இடைவெளி அதில் உண்டு. முதல் முறை வாடிக்கையாளர் ரகசிய எண் போட்டு ஒப்புதல் தர வேண்டும், அதன் பிறகு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காது. ஆனால் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்பு போயாக வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. சனி மாலை தொகை முடிவானால் அறிவிப்பு சனி மாலை, பணம் ஞாயிறு மாலைக்கு மேல்தான். அதற்கேற்ப ஒப்புதலில் கிழமையை ஞாயிறு என்று இறுக்காமல் ஒரு நாள் தளர்வு வையுங்கள். மிக முக்கியமாக, ஒப்புதலை நிலையான 630 ரூபாய்க்கு வாங்காதீர்கள். உச்சவரம்பு என்ற முறையில் 800 போல வாங்கினால்தான் 504 வரும் வாரத்தில் 504 மட்டும் எடுக்க முடியும். என் யோசனை, முதல் இரண்டு மாதம் இன்வாய்ஸுடன் பணம் கட்டும் இணைப்பை மட்டும் அனுப்பிப் பாருங்கள். வாராவாரம் பணம் பிடிக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால் சிலர் எரிச்சலில் ஒப்புதலை ரத்து செய்துவிடுகிறார்கள். ஒழுங்காகக் கட்டி, தாங்களே ஆட்டோபே கேட்கிறவர்களுக்கு மட்டும் பிறகு வையுங்கள். இப்போது உங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், வாரம் 150 வரவை வீட்டுச் செலவுகளுக்கு நடுவே தேடிப் பொருத்துவது யாராலும் தொடர்ந்து செய்ய முடியாத வேலை.

ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் உங்களிடம் இருந்தால் அவர்களை வாரச் சுற்றில் சேர்க்காதீர்கள். அவர்களுடைய கணக்குப் பிரிவு மாதம் ஒரு இன்வாய்ஸைத்தான் விரும்பும். வாரம் ஒரு டெலிவரி விவரத்தாளை அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணுடன் ஒரே இன்வாய்ஸ் போடுங்கள்.

விலை ஏற்றும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். பொருள் பட்டியலில் 120ஐ 130 ஆக்கினால், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கரிங் விவரங்களில் அது தானாக மாறும் என்று நம்பாதீர்கள். பல மென்பொருள்களில் அவை பழைய விலையையே பிடித்துக்கொண்டிருக்கும். வரி விகிதமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22இல் பல பொருட்களின் விகிதம் மாறியது, அது ஒரு திங்கட்கிழமை. உணவகச் சேவையின் 5 சதவீதம் அன்று மாறவில்லை, ஆனால் சாப்பாட்டுடன் தண்ணீர் பாட்டிலோ பாக்கெட் தின்பண்டமோ தனி வரியாக விற்கிறீர்கள் என்றால், ரெக்கரிங்கில் அவற்றின் விகிதம் இன்று சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, மாதத்திலிருந்து வாரத்துக்கு மாறும் நாள். பெரும்பாலான குழப்பம் அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கிறது. ஜூன் மாதத்துடன் மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜூன் 30 செவ்வாய்க்கிழமை. ஜூன் மாதப் பணம் கட்டியவர்களுக்கு அதுவரை கணக்கு முடிந்தது. ஜூலை 1 புதன் முதல் 3 வெள்ளி வரை மூன்று சாப்பாட்டுக்கு ஓர் இடைக்கால இன்வாய்ஸ், வரியுடன் 378 ரூபாய். ஜூலை 4 சனிக்கிழமை முதலாவது வார இன்வாய்ஸ், அது 6ஆம் தேதி தொடங்கும் வாரத்துக்கு. இதற்கு முன்பே உங்களையும் தெரிந்த நான்கைந்து பேரையும் மட்டும் சேர்த்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ரெக்கரிங் விவரத்தின் தொடக்கத் தேதியை வரப்போகும் ஒரு சனிக்கிழமையாகவே கொடுங்கள், கடந்த தேதி கொடுக்க வேண்டாம். பழைய மாத விவரங்கள் 150ஐயும் ஜூன் 30க்குள் நிறுத்திவிட்டு, நிறுத்தியவற்றின் பட்டியலை வாடிக்கையாளர் பட்டியலுடன் ஒத்துப் பார்த்த பிறகு புதியவற்றை இயக்குங்கள், இல்லையென்றால் ஜூலை 1ஆம் தேதி காலை மாத இன்வாய்ஸும், 4ஆம் தேதி வார இன்வாய்ஸும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரும்.